மூத்தாளைப் பேராசைக்காரி என்றவர்கள்

பெனினா அவினோவின் கதையைக் கோபப்படாமல் சொல்ல முடியாது. பதினோரு வருஷம் ஒரே வேஷம் கட்டியவள். கிசுமுவிலிருந்து தெற்கே ஏரியோரமாக எத்தனை பள்ளிக்கூடம் உண்டோ அத்தனையிலும், சாப்பாட்டுக் கூடத்து மேசைகளைச் சேர்த்துப் போட்ட மேடையில், நியாங்வெசோவாக நின்றவள். அப்படிப்பட்டவளிடம் ஒருநாள் ஒரு புத்தகத்தை நீட்டி, நீ நடிப்பது தப்பு என்று சொல்லிவிட்டார்கள். அது நாடகப் புத்தகம்கூட இல்லை. பரீட்சைக்கு விற்கிற கைடு.

நாடகத்தின் பெயர் 'மூத்தாளின் பானை'. சுவாஹிலியில் எழுதியது. எழுதியவர் செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. பாடமாக வைப்பார்கள், எடுப்பார்கள், மறுபடி வைப்பார்கள். கதை இவ்வளவுதான். மழை பொய்த்த வருஷத்தில் ஒரு வீட்டின் மூத்த மனைவி நியாங்வெசோ, விதைக் கேழ்வரகுப் பானையைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இளையாளின் குழந்தை பசியில் அழுகிறது. ஊரே வந்து திட்டுகிறது. அவள் திறக்கவில்லை. குழந்தை போய்விடுகிறது. பிறகு மழை வருகிறது, அவள் விதைக்கிறாள், அவளுக்குப் பின்னால் வீடே விதைக்கிறது. திரை விழுகிறது.

மூத்தாள் விதை இறக்காமல் அந்த வீட்டில் வேறு யாரும் விதைக்கக் கூடாது. மருமகள் என்றாலும் சரி, இளையாள் என்றாலும் சரி, வயலை உழுது போட்டுவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஏரிக்கரையில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அந்தப் பானை காலியானால் அவள் வயல் மட்டுமா காயும், வீட்டின் அத்தனை வயலும் காயும். அவள் பானையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தது அதற்காக. நைரோபியில் நாற்காலியில் உட்கார்ந்து கைடு எழுதின மனுஷருக்கு அது எட்டவில்லை. 'நியாங்வெசோவின் குணங்கள்: பேராசை, கல்நெஞ்சம், சக்களத்திப் பொறாமை' என்று போட்டுவிட்டார். நாடகத்தின் கருப்பொருள் பேராசையின் கேடு என்று தலைப்பும் கொடுத்துவிட்டார்.

பெனினாவுக்குப் படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு சரி. அசெம்போவிலிருந்து இளையாளாக வாழ வந்தவள், ஏரியிலிருந்து வரும் ஒமேனா மீனைக் காயவைத்துச் சந்தையில் விற்றவள். ஒபியெரோவின் நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்த பெண் பிரசவத்துக்குப் போனபோது, குரல் கணீரென்று இருக்கிறதே என்று சந்தையிலிருந்து இவளைக் கூட்டிப் போனார்கள். மகன் ஒமோலோ வசனத்தை வாசிக்க வாசிக்க, மீனைப் புரட்டிக்கொண்டே மனப்பாடம் செய்தாள். ஒன்பதே நாளில் முழு நாடகமும் வாயில் நின்றது, தன் வசனம் மட்டுமில்லை, எல்லோருடையதும்.

ஆனால் வசனத்தை அவள் கற்றது ஒமோலோவிடம் இல்லை. எண்பத்து நான்காம் வருஷப் பஞ்சத்தில் கற்றாள். அப்போது அவள் நிஜத்தில் இளையாள். அவள் மார்பில் பால் இல்லாமல் ஒமோலோ கத்திக்கொண்டு கிடந்தான். மூத்தாள் யூனியா பானை மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பெனினா அன்றைக்குப் பேசாத பேச்சில்லை. உன் வயிறு வெந்து போக, உன் பானையில் பாம்பு அடைய என்றெல்லாம் மண்ணை வாரித் தூற்றினாள். யூனியா ஒரு வார்த்தை திருப்பவில்லை. மழை வந்த காலையில் நடக்கத் தெம்பில்லாமல் தவழ்ந்து போய் விதைத்தாள். அந்த அறுவடையில்தான் ஒமோலோ பிழைத்தான். யூனியா அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தாள். பெனினா அவளிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை. மேடையில் நியாங்வெசோவாக வாயைத் திறக்கும்போதெல்லாம் அவள் பேசியது யூனியாவின் பேச்சு.

நாடகம் மறுபடி பாடமாக வந்த வருஷத்தில்தான் வினை தொடங்கியது. பள்ளிக்கூடங்களில் பெண் பிள்ளைகள் கைடை மடியில் விரித்து, பென்சிலைக் கையில் பிடித்து உட்கார்ந்தார்கள். மேடையில் ஒரு குணம் தெரிந்தால் கைடில் ஒரு கோடு. நாடகம் பார்க்கிற லட்சணமா இது? குழந்தை அழுகிற காட்சியில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பேராசை எப்போது வரும் என்று காத்திருந்தார்கள். அது வரவில்லை. பெனினாவின் முகத்தில் இருந்தது வேறு. பிள்ளைகள் குழம்பிப் போனார்கள், சிலர் பார்த்ததையே மாதிரித் தேர்வில் எழுதினார்கள், மதிப்பெண் போயிற்று. பள்ளிகள் ஒபியெரோவிடம் முறையிட்டன.

ஒபியெரோ கெட்டவன் இல்லை. வேனில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பக்குவமாகத்தான் சொன்னான். குழந்தை அழும்போது பானையைத் தடவி ஒரு சிரிப்புச் சிரித்துவிடு, போதும், பிள்ளைகள் கோடு போட்டுக்கொள்ளும் என்றான். பெனினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நீ பசிச்சு அழுதப்ப உங்க அம்மா சிரிச்சாங்களான்னு போய்க் கேளு, அப்புறம் நான் சிரிக்கிறேன்" என்றாள். வேனே சிரித்தது. ஒபியெரோவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இன்னொரு பள்ளி கை நழுவினால் வேஷம் குழுவில் இன்னொருத்தியான ஃப்ளோரன்ஸுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு முன் இருக்கைக்குப் போனான்.

அடுத்த வாரம் மலையடிவாரத்துப் பெண்கள் பள்ளி. பெனினா சிரிக்கவில்லை. எப்போதும் செய்வது போலத்தான் செய்தாள். நாடகம் முடிந்ததும் நடிகர்கள் வேஷத்தோடு வரிசையில் நின்று கேள்விக்குப் பதில் சொல்வது வழக்கம். பாத்திரங்களின் குணநலன் பற்றிய கேள்விக்கு ஒபியெரோதான் பதில் சொல்வான். அன்று ஒரு பெண், இமாகுலேட் என்று பெயர் சொன்னாள், நேராகப் பெனினாவைப் பார்த்து, நியாங்வெசோ பேராசைக்காரியா இல்லையா என்று கேட்டுவிட்டாள். நானூறு பென்சில் நிமிர்ந்தன.

ஒபியெரோ வாயைத் திறப்பதற்குள் பெனினா, "இல்லை" என்றாள்.

கூடத்தில் சலசலப்பு. இலக்கிய டீச்சர் எழுந்தார். லிலியன் ஒதெரா, அதே ஏரிக்கரைக்காரி, அதே மொழி. இந்த அம்மாவுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது, ஆகவே நடிப்பை ரசிப்போம், ஆய்வைக் கைடில் பார்த்துக்கொள்வோம் என்று பிள்ளைகளிடம் சிரித்த முகமாகச் சொன்னார். அந்தச் சிரிப்புதான் பெனினாவைச் சுட்டது.

"டீச்சர், உங்க வீட்ல யாரு முதல்ல விதை இறக்குறது?" என்று மேடையிலிருந்தே கேட்டாள்.

டீச்சர் தயங்கினார். "எங்க மாமியார்."

"அவங்களுக்கு முன்னாடி நீங்க என்னைக்காவது விதைச்சிருக்கீங்களா?"

"இல்லை."

"அவங்க பானை காலின்னா?"

பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் ஒரு மூத்தாள் உண்டு.

அப்புறம் டீச்சர் மேடையருகே வந்து, பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில் சொன்னது இது: "எனக்குத் தெரியாதாம்மா? நல்லாத் தெரியும். விடைத்தாளைத் திருத்துறவங்களுக்குத் தெரியாது. அவங்க கைல இருக்கிற தாள்ல பேராசைன்னுதான் இருக்கும். என் பிள்ளைங்க தோத்தா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

தெரியாமல் தப்புச் சொல்கிறவரைத் திருத்தலாம். தெரிந்தே சொல்கிறவரை என்ன செய்வது? தன் மாமியாரைத் தானே தெருவில் நிறுத்தி, இவள் பேராசைக்காரி, கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பெனினா அதைத்தான் கேட்க நினைத்தாள். டீச்சரின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துக் கேட்காமல் விட்டாள். விட்டிருக்கக் கூடாது. அங்கேதான் அவளைக் குறை சொல்ல வேண்டும்.

பிள்ளைகள் பக்கம் திரும்பி ஒன்று மட்டும் சொன்னாள். பரீட்சையில் எதை எழுத வேண்டுமோ எழுதுங்கள், மதிப்பெண் உங்களுடையது, நியாங்வெசோவின் பெயர் உங்களுடையது இல்லை என்றாள். கொஞ்சம் பேர் கைதட்டினார்கள். மற்றவர்கள் டீச்சரின் முகத்தைப் பார்த்தார்கள்.

வேன் திரும்பியது. சந்தை முக்கில் அவள் இறங்கியபோது ஒபியெரோவும் இறங்கினான். அடுத்த பள்ளிக்கு ஃப்ளோரன்ஸ் என்றான். பக்கத்து வீட்டுக்காரி வேஷம் இருக்கிறது, இரண்டு வசனம், அதை வைத்துக்கொள் என்றான். பக்கத்து வீட்டுக்காரிதான் நாடகத்தில் முதலில் வந்து நியாங்வெசோவைப் பேராசை பிடித்தவளே என்று ஏசுகிறவள். பெனினா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

இப்போது மறுபடி மீன் கடை. ஒபியெரோ இரண்டு தடவை ஆள் அனுப்பினான். ஃப்ளோரன்ஸ் சிரிப்பைச் சரியாகத்தான் சிரிக்கிறாளாம், பள்ளிகளுக்கும் திருப்தியாம், ஆனால் குழந்தை செத்த பிறகு கூடம் அமைதியாவதில்லையாம், பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். அந்த ஒரு சிரிப்பை மட்டும் ஒத்துக்கொண்டால் வேஷம் திரும்பவும் உனக்குத்தான் என்று சொல்லி அனுப்பினான்.

வந்த ஆளை உட்கார வைத்து, கஞ்சி ஊற்றிக் கொடுத்து, அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள் பெனினா.

"போய்ச் சொல்லு. யூனியாவை நான் ஒரு தடவை ஏசினதே போதும். இன்னொரு தடவை ஏச மாட்டேன், மேடையிலயும்தான்."

யூனியா யார் என்று அவனுக்குத் தெரியாது. சொன்னதை அப்படியே போய் ஒப்பித்திருக்கிறான். அதற்குப் பிறகு ஆள் வரவில்லை.