செவ்வாய், வியாழன், சனி

நர்சிங் கல்லூரி நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தபோது அவள் என் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். கிள்ளானிலிருந்து வந்தவள். யாரிடமோ இரவல் வாங்கிய, கை நீளமான வெள்ளைச் சட்டை. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாள். வேறு பெயர் கேட்டதும் உட்கார்ந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

“ஏன் நர்சிங்னு கேட்டா என்ன சொல்லப் போறீங்க?” என்றாள்.

பிரிக்பீல்ட்ஸ் பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் கொடுத்த பதிலைக் காட்டினேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் என்று தொடங்கும் பதில். என் அப்பா பூச்சோங்கில் திடமாக லோரி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

அவள் முகம் மாறியது. “எங்கப்பாவுக்கு நெசமாவே டயாலிசிஸ் லா. செவ்வா, வியாழன், சனி. நான்தான் கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் இதையே சொன்னா என்னைய யாரு நம்புவா?”

அதற்குள் என்னை அழைத்துவிட்டார்கள். வேறு பதில் என்னிடம் இல்லை. “அப்பாவுக்கு வாரத்தில் எந்தெந்த நாள்?” என்று உள்ளே கேட்டார்கள். அவள் சொன்ன நாள்களைத் தடுமாறாமல் சொன்னேன்.

வெளியே வந்தபோது எழுந்து நின்றிருந்தாள். “என்ன கேட்டாங்க?”

“பொதுவாத்தான்.”

எனக்கு இடம் கிடைத்தது. வகுப்புக் கதவு திறக்கும்போதெல்லாம் இப்போது நான்தான் நிமிர்ந்து பார்க்கிறேன்.