சிவந்துபோன கொழுந்து

இன்று மதியம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ஆலைக்கு ஏற்றிப்போகும் லொறி வராததால், காலையில் பறித்த கொழுந்து மூட்டை மூட்டையாக வெயிலில் கிடந்தது.

கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை அம்மாவின் மூட்டையை அவிழ்த்தார். இலையெல்லாம் சிவந்திருந்தது.

"கசக்கிப் பறிச்சா இப்படித்தான். இது கழிவு" என்று அம்மாவைத் திட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கை காரணமில்லண்ணே, சூடு. மூட்டைக்குள்ள வெப்பம் ஏறுனா இலையோட கலமென்சவ்வு, அதான் ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கிற மெல்லிய தோல், கசியும். உள்ள தனித்தனியா இருக்கிற சாறுங்க ஒன்னோட ஒன்னு கலந்து இலை செவந்துடும். லொறி லேட்டானதுக்கு அம்மா என்ன செய்வாங்க?"

"பாடத்தை இஸ்கூல்ல நடத்துங்க டீச்சர்."

மூட்டை முழுவதும் கழிவில் போனது; அதற்குக் கூலி கிடையாது. அம்மா சோற்றைப் பிசைந்தார்.

நான் கிளம்பும்போது கணக்கப்பிள்ளை பின்னாலேயே வந்தார். "நம்ம மகளுக்கு ஏ.எல். பரீட்சைக்கு பயாலஜி வரவே மாட்டேங்குது. கொஞ்சம் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?