அடுத்த ஊருக்காகப் பேசியவள்

தில்லையடியில் ஸக்கியாவைத் தெரியாதவர்கள் குறைவு. வாய் நீளம் என்று அவளைச் சொல்வார்கள். அந்த வாய் இல்லாவிட்டால் அவள் குடியிருக்கும் ஒழுங்கைக்குத் தண்ணீர்க் குழாயே வந்திராது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவள். வந்த இடத்தில் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்து ஒரு மாதர் சங்கம் தொடங்கினாள். யுத்தம் முடிந்து மூன்று வருஷமாகியும் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டால் அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்துவாள். அன்று முஸ்லிம்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்னது ஒலிபெருக்கியில்தான்.

கல்பிட்டி முதல் சிலாபம் வரை இப்படிச் சின்னச் சின்னச் சங்கங்கள் இருந்தன. தனித்தனியாகப் போனால் அரசாங்கக் கந்தோரில் உட்காரக் கதிரைகூடத் தர மாட்டார்கள். அதனால் எல்லோரும் சேர்ந்து ஒரு வலையமைப்பு ஆனோம். எங்களிடம் இரண்டு வழக்கங்கள். ஓர் ஊரின் பிரச்சினையை அந்த ஊர்க்காரி பேசுவதில்லை, வேறு ஊர்க்காரிதான் எழுந்து பேசுவாள். அப்போதுதான் சொன்னவள் யார் என்று தெரியாது. மற்றது, யாரையாவது விசாரணைக்குக் கூப்பிட்டால் அவளைத் தனியே விடுவதில்லை. இரண்டும் நல்ல வழக்கங்கள்தான். ஒருநாள் இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

உடப்பில் பெண்கள் கருவாடு காயப்போடும் கரையை, ஹோட்டல் கட்ட வந்தவர்கள் முள்ளுக்கம்பி அடித்து மறித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆளில்லை. அந்தச் செய்தியை எங்களிடம் கொண்டுவந்தவள் அந்த ஊர் இலட்சுமி. புருஷன் இல்லாதவள். மகன் மதுரனுக்கு இருபது வயது தாண்டியிருந்தது. தமிழ் இளந்தாரி ஒருவனின் பெயர் யாருடைய கொப்பியிலாவது ஏறிவிடுமோ என்று தாய்மார் நித்திரையில்லாமல் கிடந்த காலம் அது.

"என்ட பேர் மட்டும் வெளிய வரப்படாது, ராத்தா. வந்தா அவனைத்தான் தேடி வருவாங்கள்" என்று அவள் ஸக்கியாவின் கையைப் பிடித்து அழுதாள்.

மாவட்டக் கூட்டத்தில் உடப்பு வேலியைப் பற்றி ஸக்கியா எழுந்து பேசினாள். பெரியவர்கள் பலர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் அவள் வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். உள்ளே வரவில்லை. கேட்டில் கையை வைத்துக்கொண்டு ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நீங்க தில்லையடி. உடப்பு வேலியப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?"

"கூட்டத்துல எல்லாரும் கதைக்கிறதுதானே, சேர். யார் எண்டு ஞாபகம் இல்ல."

"யோசிச்சு வைங்க. திங்கக்கிழமை எங்கட கந்தோருக்கு வாங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் அவள் அதிகம் பயந்தாள். அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தொழுகைப் பாயில் நின்றால் ஓதிக்கொண்டிருந்தது பாதியில் மறந்துபோனது.

"பேரச் சொல்லிட்டு வாங்க உம்மா, நமக்கென்ன?" என்றாள் மகள் ஸாஜிதா.

"அவட புள்ளயும் புள்ளதான்."

இப்படிச் சொன்னாள் என்பதற்காக ஸக்கியாவைத் தைரியசாலி என்றெல்லாம் நான் கதை விட மாட்டேன். அவள் பயந்து செத்துக்கொண்டிருந்தாள்.

துணைக்குப் போக வேண்டியவள் சிலாபத்து மக்தலேனா. திங்கட்கிழமை விடிந்ததும் காய்ச்சல் என்று எல்லோருக்கும் சொல்லி அனுப்பினாள். பயத்திலும் காய்ச்சல் வரும், நான் குறை சொல்லவில்லை. செய்தி கேட்ட இலட்சுமிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தனக்காகப் போகிறவள் தனியாகப் போவதா? மீன் கூடையை அப்படியே போட்டுவிட்டுப் பஸ் ஏறி, கந்தோர் வாசலில் வந்து நின்றாள்.

அவளைக் கண்டதும் ஸக்கியாவுக்கு உயிரே போய்விட்டது. "நீங்க ஏன் வந்தீங்க? போங்க, பஸ்ஸப் பிடிச்சுப் போங்க!" என்று அடிக்குரலில் ஏசினாள்.

"தனிய விடுறதில்ல எண்டு நாங்கதானே பேசி வச்சம்" என்றாள் இலட்சுமி.

அதற்குள் கதவு திறந்தது. இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

அதே ஆள், அதே கேள்வி. ஸக்கியா ஞாபகம் இல்லை என்றாள். மறுபடி கேட்டார். மறுபடியும் இல்லை என்றாள். பிறகு அவர் பக்கத்துக் கதிரையைப் பார்த்தார்.

"இவங்க?"

"என்ட கூட்டாளி, சேர்."

"ஐசி தாங்க."

அடையாள அட்டையை நீட்டும்போதுதான், தான் செய்த காரியம் இலட்சுமிக்கு உறைத்தது. அட்டை அவர் கைக்குப் போய்விட்டது. விலாசத்தை மெதுவாக வாசித்தார்.

"ஆ... உடப்பு."

அவ்வளவுதான் சொன்னார். இரண்டு பேரையும் போகச் சொன்னார்.

வெளியே வந்த ஸக்கியா சிலாபம் பஸ்ஸில் இலட்சுமிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க போறீங்க, ராத்தா?"

"உங்கட ஊட்டுக்கு. தனிய விடுறதில்ல எண்டு பேசி வச்சதுதானே."

முந்தல் தாண்டும் வரைக்கும் பின்னால் மோட்டார் சைக்கிள் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பொழுதுபட முன்பே அந்த மோட்டார் சைக்கிள் உடப்புக்கு வந்துவிட்டது. வீட்டு வாசலில் நின்று, "மதுரன் யார்? வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கு. வரச் சொல்லுங்க" என்றார் அந்த ஆள். உள்ளேயிருந்த மதுரன் எழுந்தான். ஸக்கியா முந்திக்கொண்டு வாசலுக்குப் போய், வழக்கம்போல அடுத்தவளுக்காக வாயைத் திறந்தாள். இலட்சுமி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேலியப் பத்திச் சொன்னது நான், சேர். அங்க கருவாடு காயப்போடுறதும் நான். மகனுக்கு ஒண்டும் தெரியா. எழுதுறதெண்டா என்ட பேர எழுதுங்க."

ஓர் ஊரின் பிரச்சினையை அந்த ஊர்க்காரியே பேசியது எங்கள் வலையமைப்பில் அதுதான் முதல் தடவை. அவர் எழுதிக்கொண்டார். மதுரனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் ஓய்ந்த பிறகும் இலட்சுமி பிடித்த கையை விடவில்லை.

"திரும்பி வருவாங்களா, ராத்தா?"

"வருவாங்க" என்றாள் ஸக்கியா. "நான் நாளைக்கும் இங்கதான், புள்ள."