அஞ்சலை பார்த்துக்கொண்ட கல்லறை

மலாக்கா காஜா பேராங்கில் இன்றைக்கு அஞ்சலை என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று தெரியாது. அவள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது. புக்கிட் சீனா இடுகாட்டு மலையில் சமாதிக்குப் புல் வெட்டினவள் என்று சொன்னால் ஒரு சிலர், "ஓ, அந்தம்மாவா" என்பார்கள். அவளைப் பற்றி எழுத என்னைவிட யோக்கியமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவளுடைய கடைசி நாலு வருஷத்தைக் கெடுத்தவன் நான். அந்த வருஷங்களில் அவள் ஒருநாள்கூட மலைப்பக்கம் போகவில்லை. வேலைக்குக் கூப்பிட வந்த சீனக் குடும்பங்களிடம் தலையை மட்டும் ஆட்டி அனுப்பிவிடுவாள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியாது.

நான் தமிழ்ப்பள்ளி வாத்தியார். அஞ்சலை வீட்டுக்கு மூன்றாவது வீடு. அந்தக் காலத்தில் எனக்குச் சீனச் சரித்திரக் கிறுக்கு முற்றிப்போயிருந்தது. எழுநூறு வருஷத்துக்கு முன்னால் சீனத் துறைமுகம் ஒன்றில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள் என்று எங்கோ படித்ததிலிருந்து தொடங்கியது அது. பிறகு மிங் அரசர்களின் பெரிய கப்பல்கள் மலாக்காவுக்கு வந்தது, இங்குள்ள ராஜா பெண்டு பிள்ளைகளோடு சீனாவுக்குப் போய்ப் பேரரசரைப் பார்த்து வந்தது என்று கண்டதையெல்லாம் குறித்து வைத்தேன். வாரப் பத்திரிகைக்கு எட்டுக் கட்டுரை அனுப்பியதில் இரண்டு அச்சாயின. அந்த இரண்டுக்கே எனக்குத் தலை கால் புரியவில்லை.

அஞ்சலையின் புருஷன் சேதுபதி, நகராட்சியில் கால்வாய் கழுவும் வேலை. அதிகம் பேசாத மனிதர். அவர்களுக்கு ஒரே பிள்ளை, தியாகு. ஜப்பான்காரன் காலத்தில், நாற்பத்து மூன்றில், உஜோங் பாசிருக்கு மீன் வாங்கப் போனவனை வழியிலேயே லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், ரயில் பாதை போட. அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. சண்டை முடிந்து திரும்பி வந்தவர்களில் ஒருவன் மட்டும் அவனைப் பார்த்ததாகச் சொன்னான். ஒரு முகாமில் காய்ச்சலோடு படுத்திருந்தானாம். மறுநாள் தன்னை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அப்புறம் தெரியாது என்றான். அவ்வளவுதான் சேதி. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் சமாதி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். சீனர்கள் ஏப்ரல் மாதம் செங் பெங் அன்று குடும்பத்தோடு வந்து முன்னோர் சமாதியைத் துப்புரவு செய்து கும்பிடுவார்கள். வசதியுள்ள குடும்பங்கள் லாலான் புல்லை வெட்ட முன்கூட்டியே ஆள் வைத்துக்கொள்ளும். அப்படி ஏழெட்டுக் குடும்பங்களுக்கு அவள் வேலை செய்தாள். ஆனால் மலையின் பின்சரிவில், யாருமே வராத பழைய கல்லறை ஒன்று இருந்தது. அதற்கு அவளை யாரும் அமர்த்தவில்லை. அவளாகவே வெட்டினாள், கழுவினாள், வாரம் ஒரு தரம் ஒரு தகரக் குவளையில் தண்ணீர் வைத்தாள். வருஷத்துக்கு ஒருநாள் இல்லை, வாராவாரம், பதினோரு வருஷம்.

ஒருதரம் நான் கேட்டேன், கேட்பாரற்ற கல்லுக்கு எதற்கக்கா இவ்வளவு பாடு என்று. புல் வெட்டும் பாராங்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இதுவும் எவ பெத்த புள்ளையோ, ஊரு விட்டு ஊரு வந்து கெடக்கு. இதை நான் பாத்துக்கிறேன். அங்க சயாம்ல எவளோ ஒருத்தி எம் புள்ளையப் பாத்துக்குவா. இருந்தாச் சோறு போடுவா. இல்லாட்டி, கெடக்கிற எடத்துல தண்ணி ஊத்துவா."

இதில் சாமி இல்லை, நேர்த்திக்கடன் இல்லை. முகம் தெரியாத ஒரு பெண்ணோடு அவள் செய்துகொண்ட உடன்படிக்கை. அதை நம்பித்தான் காலையில் எழுந்தாள், சாப்பிட்டாள், சேதுபதியோடு சண்டை போட்டாள். ஐம்பத்தைந்தில் சேதுபதி, காணாமல் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது, முறைப்படி தர்ப்பையில் உருவம் செய்து கருமாதி பண்ணிவிடலாம் என்றார். ஒரு மாதம் அவள் அவருக்குச் சோறு வைத்தாளே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்.

இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கல்லை எனக்கு விட மனம் வரவில்லை. எழுத்துத் தேய்ந்த பழைய கல், மேலே மிங் என்ற சீன எழுத்து இருப்பதாக யாரோ சொன்னார்கள். பெரிய கப்பலில் வந்த மாலுமியாக இருந்தால்? மூன்றாவது கட்டுரை தயார். மருந்துக்கடை முதலாளி டான் தவுக்கே பழைய சீன எழுத்துப் படிப்பார். ஐம்பத்தேழு மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவரைக் கெஞ்சி அழைத்துக்கொண்டு போனேன். அன்று அவள் அங்கே இருப்பாள் என்றும் தெரியும். அவளுக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

அவளுக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருஷம் தான் பார்த்துக்கொண்டவனுக்குப் பேர் என்ன என்று கேட்டுச் சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டியைக் கல்லின் மேல் தேய்த்தேன். பள்ளத்தில் எழுத்துகள் எழுந்து நின்றன. டான் தவுக்கே கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு விரலால் தடவித் தடவி வெகுநேரம் படித்தார். அவர் என்னோடு எப்போதும் மலாயில்தான் பேசுவார். அஞ்சலைக்கு என்னைவிட நன்றாக மலாய் வரும். அவர் ஹொக்கியன் சீனத்தில் சொல்லி நான் மொழிபெயர்த்திருந்தால் எதையாவது மாற்றிச் சொல்லித் தொலைத்திருக்கலாம். அந்த வாய்ப்பும் எனக்கு இல்லை.

"ஓராங் தாடா," என்றார். "பாஜு சாஜா."

ஆள் இல்லை. சட்டை மட்டும்தான்.

கல்லை வைத்தவன் அண்ணன். தம்பி கடலோடு போய்விட்டான், உடம்பு கிடைக்கவில்லை. ஹொக்கியன் நாட்டிலிருந்து அம்மா அவனுடைய அங்கி ஒன்றைக் கப்பலில் அனுப்பியிருக்கிறாள். அந்த அங்கியில் அவன் ஆவியைக் கூப்பிட்டு வரவழைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். அதுதான் எழுத்தில் இருந்தது.

எனக்குப் புல்லரித்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரிந்ததா? இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் படித்திருந்தேன். தாங் அரசர்கள் காலத்தில் உள்நாட்டுச் சண்டையிலும் எல்லைப் படையிலும் போனவர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பவில்லை. வீட்டார் அவனுடைய துணியை எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறி, வடக்கே பார்த்து மூன்று தரம் பேர் சொல்லித் திரும்பி வா என்று கூப்பிடுவார்கள். வந்துவிட்டான் என்று அந்தத் துணியைக் கொண்டுபோய் அடக்கம் செய்வார்கள். ஆவியை மண்ணில் புதைப்பது சாஸ்திரமே இல்லை என்று அரண்மனைப் பண்டிதர்கள் அதற்கும் முன்னாலேயே தடை போட்டிருந்தார்கள். சனங்கள் கேட்கவில்லை. இதையெல்லாம் அந்தச் சரிவில் நின்று வகுப்பு எடுக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனேன். டான் தவுக்கேதான் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

அஞ்சலை தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப இத்தனை வருஷம் உள்ள யாருமே இல்லையா, வாத்தியாரே?"

இல்லைதான் என்றேன்.

"அப்படின்னா எம் புள்ளைக்கும் அங்க யாரும் தண்ணி ஊத்தியிருக்க மாட்டாங்க," என்றாள்.

அழவில்லை. கணக்கு முடிந்த மாதிரி சொன்னாள். அப்படியெல்லாம் இல்லையக்கா, ஆவி உள்ளே இருக்கிறதே, அதைத்தானே பார்த்துக்கொண்டீர்கள் என்று ஏதேதோ உளறினேன். அவள் பாராங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அந்த வருஷம் செங் பெங்குக்கு அவள் ஏற்றுக்கொண்ட சமாதிகளையெல்லாம் சேதுபதிதான் போய் வெட்டிக் கொடுத்தார். வழியில் என்னைப் பார்த்தபோது, அவளிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

ஆகஸ்டு மாதம் அவளே என் வீட்டுக்கு வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். கூரைமேல் ஏறுவது, வடக்கே பார்ப்பது, மூன்று தரம் கூப்பிடுவது எல்லாவற்றையும் மறுபடி ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னாள். தியாகு செத்துவிட்டான் என்று அவள் வாயால் சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். நாதியில்லாமல் அங்கே கிடக்கவேண்டாம், கூப்பிட்டு இங்கே வைத்துக்கொள்கிறேன் என்றாள். அவனைப் பிடித்துக்கொண்டு போன வாரமே, அவனுடைய தீபாவளிச் சட்டையையும் கைலியையும் மூட்டையாகக் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டிருந்தாளாம். அவன் வந்துதான் அவிழ்க்கவேண்டும் என்று அன்றைக்கு வைத்த சட்டம். அந்த மூட்டையை இப்போது இறக்கப் போகிறேன் என்றாள்.

சேதுபதி ஒத்துக்கொள்ளவில்லை. சீனன் சடங்கு நமக்கு எதற்கு, முறைப்படி தர்ப்பையிலேயே செய்துவிடலாம் என்று பிடிவாதம் பிடித்தார். சமாதானம் பேச என்னைக் கூப்பிட்டாள். நான் போய் அவளுக்காக வாதாடினேன். சீனாவில் நம்மவர்கள் கோயில் கட்டியதுவரை இழுத்தேன். பிள்ளையைப் பெற்றவள் ஆசைப்படுகிறாள், உங்களுக்கு என்ன நஷ்டம் அண்ணே என்றும் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், சரி என்றார். ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன்.

மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. தெருவெல்லாம் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பின்பக்கம் வாழைக்குப் பக்கத்தில் சேதுபதி முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி முடித்திருந்தார். பலகை வீட்டுக் கூரை அவளைத் தாங்காது, வாசலில் நின்றே கூப்பிடலாம் என்று நான்தான் சொன்னேன். அவள் தலைக்குக் குளித்து வந்து, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். பதினாலு வருஷத்து முடிச்சு, விரலுக்கு மசியவில்லை, பல்லால் இழுத்தாள்.

உள்ளே கோணிச்சாக்கு இருந்தது. சட்டை மாதிரி நேர்த்தியாக மடித்த கோணிச்சாக்கு.

அதை அவள் விரித்துப் பார்த்தாள். உதறினாள். மூட்டைத் துணியையும் உதறினாள். பிறகு சேதுபதியைப் பார்த்தாள்.

"நாப்பத்தி நாலுல உனக்கு மலேரியா," என்றார் அவர், குழியைப் பார்த்துக்கொண்டே. "கொய்னா வேணும். அந்தக் காலத்துல துணி குடுத்தாத்தான் மருந்து குடுப்பாங்க. என் துணியெல்லாம் முன்னாடியே போயிருச்சு."

அந்தக் காலத்தைக் கண்டவன் நான். ஒரு முழத் துணிக்கு என்னென்ன கிடைத்தது என்று எனக்கும் தெரியும். என் சரித்திரத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

அவள் வீட்டுக்குள் போனாள். பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது, சட்டி பானை உருளும் சத்தம் கேட்டது. அவன் சாப்பிட்ட தட்டு, அவன் சீப்பு, ஏதாவது ஒன்றைத் தேடியிருப்பாள். தகரமும் தட்டும் ஜப்பான்காரன் காலத்துப் பஞ்சத்திலேயே மரவள்ளிக்கிழங்காக மாறிப் போயிருந்தன. அவனுக்கு ஒரு படம்கூட எடுத்ததில்லை. வெறுங்கையோடு திரும்பி வந்தாள். என்னைச் சாக விட்டுவிட்டு அந்தச் சட்டையை வைத்திருக்கலாமே என்று புருஷனிடம் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. அவரும் தலையை ஆட்டினார், ஆமாம் என்பதுபோல.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்தச் சீனத்தி குடுத்து வச்சவ, வாத்தியாரே. அனுப்புறதுக்கு அவகிட்ட ஒரு சட்டை இருந்துச்சு."

கூப்பிடவில்லை. எதில் வந்து இறங்குவான் என்று கூப்பிடுவது? அவள் உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். சேதுபதி மண்வெட்டியை எடுத்தார். நானும் கையால் மண்ணைத் தள்ளினேன். தோண்டிய மண் அவ்வளவும் உள்ளே போய்விட்டது. மிதித்தபோது தரையோடு தரையாகிவிட்டது, ஒரு விரல் மேடுகூட எழவில்லை.