களிமண் பிடித்த குழாயும் கழுகாசலமூர்த்தியும்

2002, மாசி மாதம். மும்பைக்கு மேற்கே நடுக்கடலில், வேலை பறிபோகும் நிலையில் நின்றிருந்தேன். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் கரிசலில் அந்த வருடம் பருத்தி கருகிவிட்டது. என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது.

எண்ணெய் எடுக்கும் மேடையின் கால்களுக்குள் பெரிய இரும்புக் குழாய்களை இறக்கி, சம்மட்டி இயந்திரத்தால் கடலடி மண்ணில் அடித்து ஊன்றுவார்கள். ஒரு குழாய் போதாது. மேலே இன்னொன்றை வைத்துப் பற்றவைக்க வேண்டும். நான் வெல்டர். பற்றவைத்து முடிக்கும்வரை அடி நிற்கும். நின்றால் களிமண் குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லோருடைய ஆத்திரமும் வெல்டர்மேல்தான்.

அன்று கிருத்திகை. இணைப்புக்கு ஒரு முழம் கீழே, குழாயில் கழுகுமலை முருகன் கழுகாசலமூர்த்தியின் திருநீற்றைப் பூசினேன். தூத்துக்குடிக்காரரான சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

“சாம்பல அப்பியிருக்கான் பாரு! உள்ள விழுந்து வெல்டு கெட்டுச்சுன்னா அடுத்த போட்டுல ஊரு போய்ச் சேரு.”

“கீழதான் பூசுனேன் அண்ணாச்சி.”

“நான் ஒனக்கு எந்தூரு அண்ணாச்சி?”

கிரேனுக்குக் கயிறு கட்டும் விளாத்திகுளத்துக்காரன் மாரியப்பன் சிரித்தான். “ஏலே, முருகன் எப்பம்லே வெல்டிங் படிச்சாரு?”

பற்றவைத்தேன். சோதித்தார்கள், குறையில்லை. சூப்பர்வைசர் நம்பாமல் மறுபடி சோதிக்கச் சொன்னார். அப்போதும் இல்லை. ஆனால் அந்தத் தாமதத்தில் மண் இறுகிவிட்டது. அடிமேல் அடி விழுந்தும் குழாய் அசையவில்லை. இன்னும் அடித்தால் அதன் தலை நசுங்கும். பழி என்மேல்.

“குழாயவே சாமியாக்கிட்டான். இனி நட்டுவச்சுக் கும்பிட வேண்டியதுதான்” என்றான் மாரியப்பன்.

நான் கும்பிடவில்லை. முருகனை மனதுக்குள் திட்டினேன். ‘ஒந் திருநீற இவிய சாம்பல்னு சொல்லுதாவ. கேட்டுக்கிட்டா இருக்க? மலையக் குடைஞ்சு ஒக்காந்தவன்தான நீ? இந்தக் களிமண்ணு ஒனக்குப் பெருசா?’

நிறுத்தச் சொல்லி சூப்பர்வைசர் கையைத் தூக்கினார். அதற்குள் விழுந்துவிட்ட அடியில் குழாய் விரலளவு இறங்கியது.

“நிறுத்தாத! அடி, அடி!” கத்தியவர் அவர்தான்.

அதன்பின் சீராக இறங்கியது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. வேலை முடியும்வரை முகம் கொடுத்துப் பேசவுமில்லை. ஆனால் என்னை ஊருக்கு அனுப்பவில்லை. அடிக்க அடிக்க மண்ணின் பிடி தளரும் என்று பின்னாளில் படித்தேன். இருக்கட்டும். அந்த அடியில் ஏன் தளர்ந்தது என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

அதுவரை சாமியிடம் பயந்து பேசியவன் நான். இப்போது உரிமையோடு பேசுகிறேன். வருடாவருடம் பங்குனி உத்திரத்துக்குக் கோவில்பட்டியிலிருந்து கழுகுமலைக்கு நடக்கிறேன். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் ஏளனம் செய்யும் நாள் உங்களுக்கும் வரும். அன்று அவனிடம் போங்கள். கும்பிடத் தோன்றாவிட்டால் சண்டையாவது போடுங்கள். அவன் கேட்பான்.