'க்ரோக்' என்றொரு வார்த்தை

ஆஸ்பத்திரிகளுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்க்கும் எங்களுக்கு இரண்டு விதிகள்: பேசுகிறவர் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றே சொல்ல வேண்டும், எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அப்பா அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போய் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். நீங்களாவது பாதியை முழுங்கிவிடலாம்.

அங்கிளின் கேள்வி

நான் அமெரிக்காவில், சன்னிவேலில், ஹெட்செட்டோடு. மறுமுனையில், வேறொரு மாநிலத்துப் பிளானோவில் ஒரு டாக்டர், கேன்சர் வந்த அங்கிள், அவர் மனைவி. அங்கிளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, ஆன்ட்டிக்காகத்தான் நான். அங்கிள் சிரித்துக்கொண்டே கேட்டார், "ஸோ டாக்டர், வென் டூ ஐ க்ரோக்?" 'டை' என்றால் ஆன்ட்டிக்குப் புரிந்துவிடும். அதனால் சாவுக்கு இந்த அமெரிக்கக் கொச்சைச் சொல்லைப் பிடித்திருந்தார். உடனே தமிழில் என்னிடம் கெஞ்சினார், "அதை மட்டும் விட்டுடும்மா."

"எதை விடச் சொல்றார்?" என்றார் ஆன்ட்டி. விதிப்படி சொன்னேன்: "டாக்டர், நான் எப்போ சாவேன்?" சில வாரங்கள் என்ற பதிலையும் சொன்னேன். ஆன்ட்டி அங்கிளிடம் கேட்டார், "மருந்து கேக்குதுன்னுதானேங்க சொன்னீங்க?"

அகராதியும் சத்தமும்

அன்று சாயங்காலம் அகராதியைப் பார்த்தேன். க்ரோக் என்பது தவளையும் காக்கையும் கத்துகிற சத்தம். சாகும் நேரத்தில் தொண்டையில் எழும் கொரகொரப்பும் அப்படியே இருப்பதால் அது சாவுக்கும் பெயரானதாம். இப்படியா பெயர் வைப்பார்கள் என்று கோபம் வந்தது.

தமிழுக்கு எங்களில் நாலைந்து பேர்தான். மூன்று வாரம் கழித்து அதே வீட்டு அழைப்பு எனக்கே வந்தது. வீட்டுக்கு வந்திருந்த நர்ஸின் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. அகராதி பொய் சொல்லவில்லை. "அவருக்கு வலிக்குதா?" என்று ஆன்ட்டி கேட்டதை ஆங்கிலத்தில் சொன்னேன். நர்ஸின் பதிலைத் தமிழில் சொன்னேன்: "எச்சிலை முழுங்க முடியல, அவ்வளவுதான். அவருக்கு வலி தெரியாது. கேக்குற நமக்குத்தான் கஷ்டம்."

ஆன்ட்டி கேட்டது

பேசிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றது. நர்ஸ் பார்த்துவிட்டு, அவர் இறந்துவிட்டார் என்றார். நான் சொன்னேன். நர்ஸ் வேறு யாருக்கோ போன் செய்ய வெளியே போனார். என் இணைப்பைத் துண்டிக்கவில்லை. ஆன்ட்டி போனுக்குப் பக்கத்தில் வந்தார். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்திருந்தார். "அன்னிக்கு அவரா நீதானேம்மா பேசினே. ஒரே ஒரு தடவை அவரா 'போயிட்டு வரேன்'னு சொல்லேன்."

"மன்னிக்கணும் ஆன்ட்டி, யாராவது பேசினால்தான் நான் மொழிபெயர்க்க முடியும்" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிம்மா, உன் வேலை உனக்கு."

அழைப்பின் பதிவைக் கேட்ட மேலதிகாரிகள் ஒரு பிழையும் இல்லையென்று எனக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள். நான் வாங்கியதிலேயே வெளியில் சொல்ல வெட்கப்படுகிற மதிப்பெண் அதுதான்.