போலி என்று நான் அழித்தவர்

யுத்தம் அதன் கடைசிக் கட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கண்டியிலிருந்து அம்பிட்டியவுக்கு ஏறுகிற வீதியில் ஒரு பூக்கன்று நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த ஊர் நாவலப்பிட்டி. காலையில் முதல் பஸ்ஸில் வந்து, பின்னேரம் திரும்பிப் போவேன். எனக்குப் பூக்கன்றைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டரில் தமிழ் தட்டத் தெரியும். அதற்காகத்தான் வேலை தந்தார்கள்.

நர்சரிக்கு இணையத்தில் ஒரு வலைப்பதிவு இருந்தது. வெளிநாட்டிலிருந்த முதலாளியின் மகன் தொடக்கிக் கொடுத்தது. அதில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் தன் பெயரைப் போட்டு எழுதிவந்தார். நர்சரியில் ஆறு வருஷம் வேலை செய்தவர். வாசகர்கள் கன்றைப் பற்றிக் கேள்வி கேட்பார்கள், அவர் பதில் சொல்வார். அந்தூரியம் வளர்க்கிற வீட்டுப் பெண்களிடம் அவர் பேச்சுக்கு ஒரு மறுபேச்சு கிடையாதாம். நான் சேர்வதற்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் தாயாருக்குச் சுகமில்லை என்று ஊருக்குப் போயிருக்கிறார். பிறகு யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை பூட்டிவிட்டது. ஆளும் இல்லை, செய்தியும் இல்லை. அவரைத் தெரிந்த மற்ற வேலையாட்களும் ஒவ்வொருவராக விலகிப் போய்விட்டார்கள். அதனால் அவர் முகத்தை நான் கண்டதும் இல்லை, குரலைக் கேட்டதும் இல்லை.

முதலாளி மிக நல்ல மனுஷன். அந்த எழுத்துக்காரர் விட்டுப்போன குறிப்புக் கொப்பி இரண்டை என் கையில் தந்து சொன்னார்: "இதப் பார்த்து நீங்க எழுதுங்க மகள். பேர மாத்த வேணாம். எழுதுறத நிப்பாட்டினா ஆள் மவுத்தாகிட்டார்னு நாமளே சொன்ன மாதிரி ஆகிரும். அவர் வாற வரைக்கும் பேர உசிரோட வெச்சிக்குவோம்."

நானும் எழுதினேன். ஒரு மாதமா, இரண்டு மாதமா, எட்டு மாதம். கொப்பியிலிருந்து குறிப்பை எடுத்து, என் கைச்சரக்கையும் கொஞ்சம் சேர்ப்பேன். "இன்று காலை நம் நர்சரியில் என் கையாலேயே தண்டு வெட்டி வைத்தேன்" என்றெல்லாம் அளந்திருக்கிறேன். அந்தக் கையில் அதுவரை ஒரு முள் கூடக் குத்தியதில்லை. வாசகர்கள் "ஐயா, ஐயா" என்று எழுத எழுத எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கட்டத்தில் அந்தப் பெயர் என்னுடையதுதான் என்றே எண்ணத் தொடங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அந்த வருஷம் முதலாளியும் மனைவியும் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். போகும்போது அலுவலகச் சாவியையும் போனையும் என்னிடம் தந்து ஒன்றைச் சொன்னார். காலம் சரியில்லை, கடைக்காரர்களுக்கு யார் யாரோ போன் எடுத்து மிரட்டுகிறார்கள், தான் நாட்டில் இல்லையென்று எவருக்கும் சொல்லக் கூடாது, அந்த யாழ்ப்பாணத்து ஆளைப் பற்றி எவர் கேட்டாலும் வாய் திறக்கக் கூடாது. அதுவும் சரியான புத்திமதிதான். அதை நான் பிடித்த பிடிதான் பிழை.

முதலாளி போய் ஒரு வாரம் இருக்கும். ஒரு போன் வந்தது. கரகரவென்ற லைனில் ஒரு ஆண் குரல் முதலாளியைக் கேட்டது. வெளியே போயிருக்கிறார் என்றேன். "நான் தான் கதைக்கிறன்" என்று அந்தக் குரல் அந்த எழுத்துக்காரரின் பெயரைச் சொன்னது. முதலாளி சொன்ன மிரட்டல் போன் இதுதான் என்று நினைத்தேன். உடனே, "அவரு இங்க தோட்டத்துல வேல செஞ்சிக்கிட்டு இருக்காரு, நீங்க யாரு?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டேன். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். அன்று முழுக்க என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் வலைப்பதிவில் ஒரு பின்னூட்டம். "இந்தப் பெயருக்குரியவன் நான். இப்போது கொழும்பில் இருக்கிறேன். எட்டு மாதமாக இங்கே எழுதுவது நான் அல்ல. தயவுசெய்து நிறுத்துங்கள். முதலாளி இந்த இலக்கத்துக்கு அவசரமாகப் பேசவும்" என்று ஒரு போன் இலக்கம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் தமிழ் வலைப்பதிவுகளில் அடுத்தவர் பெயரில் போலியாக எழுதுகிற தொல்லை நிறைய இருந்தது. இதுவும் அந்த வகை, அதிலும் காசு பறிக்கிற கூட்டம் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிஷம்தான் எடுத்தது. அவருடைய பெயரிலேயே பதில் போட்டேன்: "நான் வழமைபோல நர்சரியில் சுகமாக இருக்கிறேன். வாசகர்களே, போலிகளை நம்பாதீர்கள்."

பிறகு அந்தப் பின்னூட்டத்தை அழித்தேன். இனி நான் பார்த்து அனுமதித்தால்தான் எதுவும் வெளியே தெரியும் என்று மாற்றிவைத்தேன். அதற்குப் பிறகு அதே ஆளிடமிருந்து இன்னும் இரண்டு வந்தன. கெஞ்சுகிற மாதிரி இருந்தன. அவற்றையும் அழித்தேன். நாலாவதாக வந்ததை வாசித்துவிட்டு, இது என்ன புது நாடகம் என்று, வெளியிடாமலும் அழிக்காமலும் அப்படியே கிடக்க விட்டுவிட்டேன். அதில் அவர் தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. யாரோ ஒரு வாசகியின் கேள்விக்குப் பதில் எழுத வந்திருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை கடுகண்ணாவையிலிருந்து ஒரு டீச்சர் நர்சரிக்கு வந்தார். முஸ்லிம் பெண்மணி. கையில் ஒரு பூச்சட்டி. அதில் இருந்த அந்தூரியத்தின் அடி கறுத்து அழுகியிருந்தது. அதை என் மேசையில் டக்கென்று வைத்தார்.

"எங்க, மகள், உங்கட ஐயா? நாப்பது கன்று இப்பிடிப் போய்ட்டு. விடிய ஆறு மணிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லி எழுதினார், ஊத்தினேன். நெட்டில கேள்வியும் கேட்டேன், பதில் இல்ல."

அவர் வெளியே போயிருக்கிறார் என்று வழக்கமான பொய்யைச் சொன்னேன். டீச்சர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு அவர ஆறு வருஷமாத் தெரியும். எங்கட வீட்டுக்கு எத்தன மணிக்கு வெயில் வருதுன்னு கேக்காம அவர் ஒரு வார்த்த சொன்னதில்ல. மலை மறைக்கிற வீட்டுக்கு ஒரு மாதிரி, வெயில் நேர விழுற வீட்டுக்கு ஒரு மாதிரி. இப்ப எழுதுறவர் ஒன்னும் கேக்கிறதில்ல. ரேடியோ மாதிரி சொல்லிட்டுப் போறார். மெய்யச் சொல்லுங்க, அது அவர்தானா?"

 அழிக்காமல் கிடக்கவிட்ட அந்த நாலாவது பின்னூட்டத்தின் முதல் வரி ஞாபகத்துக்கு வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். "அக்கா, உங்கட பக்கம் இப்ப எத்தனை மணிக்கு வெயில் படுகுது? பத்து மணிக்குப் பிறகு எண்டால் விடியத் தண்ணி விட வேண்டாம்."

மேசை லாச்சியிலிருந்து கொப்பியை எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் சின்னதாக ஒரு சூரியன் வரைந்து பக்கத்தில் ஒரு எண் இருக்கும். ஏழு, எட்டு, பத்தரை. ஏதோ பொழுதுபோகாமல் கிறுக்கியிருக்கிறார் என்றுதான் எட்டு மாதமும் நினைத்திருந்தேன். ஒவ்வொரு பக்கமும் ஒரு வீட்டுக்கு எழுதிய மருந்து. நான் அதை ஊருக்கெல்லாம் பொதுவில் ஊற்றியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அழித்த பின்னூட்டங்கள் மெயிலில் மிச்சமிருந்தன. அதிலிருந்த இலக்கத்துக்குப் போன் எடுத்தேன். கொழும்பில் ஒரு லொட்ஜ். ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். டீச்சர் போனை என்னிடமிருந்து வாங்கி, இரண்டு வார்த்தை கேட்டார். "அவரேதான்" என்று சொல்லிவிட்டு முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு போனில் அவர் நடந்ததை என்னிடம் சொன்னார். தாயார் இறந்த பின் எப்படியோ கப்பலில் இடம் கிடைத்துக் கொழும்புக்கு வந்திருக்கிறார். லொட்ஜில் சோதனை போட்டு அவரைப் பொலிசுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அடையாள அட்டையில் இருந்தது பதினாறு வயதுப் படம், முகம் பொருந்தவில்லை. "நான் கண்டியில் வேலை செய்தவன், இணையத்தில் என் பெயர் இருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி தமிழ் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளை வைத்து வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்திய நாள் நான் போட்ட பதிவு அங்கே இருந்தது: இன்று காலை நர்சரியில் என் கையால் தண்டு வெட்டினேன். இந்தப் பெயருடையவர் நேற்றுக் கண்டியில் இருந்திருக்கிறார், நீ நேற்று என் முன்னால் இருந்தாய், அப்படியானால் நீ யார் என்று கேட்டிருக்கிறார் அதிகாரி.

"நானே நிப்பாட்டச் சொல்லி எழுதினன் பிள்ளை. அடுத்த நாள் அவையள் திரும்பத் திறந்து பார்த்தினம். போலிகளை நம்பாதீர்கள் எண்டு என்ர பேரிலயே கிடக்குது. இனி நான் என்னத்தைச் சொல்ல?"

அட்டையைப் பொலிஸ் வைத்துக்கொண்டது. தினமும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் தான் யாரென்று நிரூபிக்காவிட்டால் உள்ளே போட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று எவருக்கும் தெரியாது. முதலாளியோ மக்காவில். அந்தப் பெயரில் எழுதியது யார் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்.

அன்று வீட்டில் சொன்னபோது அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பொம்பளப் புள்ள, கொழும்புப் பொலிசுக்குப் போய் நாந்தான் கள்ளப் பேருல எழுதினேன்னு சொல்லப் போறியா? ஒன்னயும் புடிச்சி வச்சிட்டா நாங்க எங்க போய் நிக்கிறது?" அம்மா சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கும் பயம்தான். ஆனால் அந்த மனிதர் கெஞ்சக் கெஞ்ச நான் அழித்திருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

வியாழக்கிழமை காலை கண்டியில் கொழும்பு பஸ் ஏறினேன். கடுகண்ணாவையில் டீச்சரும் ஏறிக்கொண்டார். நான் கேட்கவே இல்லை. "எனக்கு சிங்களம் நல்லா வரும், அரசாங்கச் சேவை அட்டையும் இருக்கு. நீங்க தனியப் போய்ப் பேந்தப் பேந்த முழிக்கப் போறீங்களா?" என்றார். வழியில் இரண்டு இடத்தில் எங்களை இறக்கிச் சோதித்தார்கள். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றபோது வெட்கமாக இருந்தது. நீ யார், நீ யார் என்று வழிநெடுகக் கேட்கப்பட்டு வாழ்ந்தவள் நான். அதே கேள்வியை அவரிடம் கேட்கக்கூட இல்லையே, நீ அவன் இல்லை என்று தீர்ப்பே சொல்லிவிட்டேனே என்று நினைத்தேன்.

பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் கையெழுத்துப் போட வந்தவர்களோடு அவர் உட்கார்ந்திருந்தார். என் கற்பனையில் அவர் பெரிய மீசைக்காரர். நேரில் மெலிந்த மனிதர், கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார். டீச்சரைக் கண்டதும் எழுந்து நின்றார். முதலில் கேட்டது இதைத்தான்: "அக்கா, கன்றுகள் தப்பினதோ?"

அதிகாரியின் முன்னால் டீச்சர் அவரை அடையாளம் சொன்னார். அடுத்தது என் முறை. என் உடைந்த சிங்களத்தில், அந்தப் பெயரில் எழுதியது நான் என்றேன். அதிகாரி நம்பவில்லை. அந்த அறையிலிருந்த கம்ப்யூட்டரைக் காட்டி, அப்படியென்றால் இப்போது என் கண் முன்னால் எழுது என்றார். கடவுச்சொல்லைத் தட்டி உள்ளே போனேன்.  எழுதினேன்: "எட்டு மாதமாக இந்தப் பெயரில் எழுதியது நான். இந்தப் பெயருக்குரியவர் கொழும்பில் இருக்கிறார். அவர் எழுதியதை நான் அழித்தேன். போலி நான்தான்." கான்ஸ்டபிள் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி திரையைப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டி, "இவளையல்லவா உள்ளே போட வேண்டும்" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. எங்கள் மூவரிடமும் எழுத்தில் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, லாச்சியைத் திறந்து, அடையாள அட்டையை அவர் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "கோபமில்லை எண்டு சொன்னால் பொய். லொட்ஜில இருந்து உங்களை நல்லாத் திட்டினன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனால் பிள்ளை, இவ்வளவு காலமும் நான் செத்துப்போனன் எண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை. அதுவும் உங்களாலதான்" என்றார். அதைக் கேட்டதும்தான் நான் வாய்விட்டு அழுதேன். டீச்சர் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அன்றே மூவருமாகக் கண்டி பஸ் ஏறினோம். முதலாளி ஹாஜியாராகத் திரும்பி வந்தபோது, எழுத்துக்காரர் நர்சரியில் உண்மையாகவே தன் கையால் தண்டு வெட்டிக்கொண்டிருந்தார். டீச்சரின் நாற்பது கன்றில் இருபத்தாறைக் காப்பாற்றிக் கொடுத்தார். போலி நான்தான் என்று நான் எழுதிய அந்தப் பதிவை எடுத்துவிடலாமே என்று ஹாஜியார் சொன்னார், நான்தான் கிடக்கட்டும் என்றேன்.

இப்போது நான் வேறொரு நிறுவனத்தில் இதே வேலையைப் பார்க்கிறேன். தினமும் யார் யாரோ எழுதுகிறார்கள், சந்தேகப்பட வேண்டியவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், அழிக்க வேண்டியதை அழிக்கவும் செய்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் விரலை வைத்த பிறகு ஒரு நிமிஷம் நிறுத்தி, இந்த மனிதரின் வீட்டுக்கு வெயில் எத்தனை மணிக்கு வருகிறதென்று கேட்டேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.